எங்கே நிறுத்துவது? புற்றுநோய் அறுவையில் ஒளியின் துணை

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி சிங்கப்பூரில் நடந்த நலவாழ்வுக் கருத்தரங்கில் ஓர் அறுவை மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

இந்தச் சங்கம் நடத்திய துணைப்பாட வகுப்பில் கணக்குப் படித்தவன் நான். கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசிரியர் கண்ணில் படாமல் தப்பிக்கப் பார்த்தவன். பொன்விழா ஆண்டில் அந்தப் பையனை மேடையில் நிறுத்தி ஒலிவாங்கியைக் கையில் கொடுத்திருக்கிறீர்கள். நன்றி.

செயலாளர் என்னிடம், "டாக்டர், உடல்நலம் பற்றி ஏதாவது பேசுங்கள்" என்றார். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், கொழுப்பு பற்றியெல்லாம் இந்த மேடையில் பலரும் பேசியிருக்கிறார்கள். நான் என் தொழிலில் தினமும் சந்திக்கும் ஒரு சிக்கலைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். புற்றுக்கட்டியை வெட்டி எடுக்கும்போது, கட்டி எங்கே முடிகிறது, நல்ல சதை எங்கே தொடங்குகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு இன்று ஒளி எப்படிக் கைகொடுக்கிறது? இதுதான் என் பேச்சு.

உம்மா கேட்ட கேள்வி

மருத்துவக் கல்லூரியில் நான் கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது என் உம்மாவுக்கு மார்பில் கட்டி இருப்பது தெரியவந்தது. எங்களுக்குத் தெரியவந்தது அப்போதுதான். உம்மாவுக்கு அது ஆறு மாதங்களுக்கு முன்பே தெரியும். தங்கையின் நிக்காஹ் முடியட்டும் என்று யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார். மருத்துவம் படிக்கும் மகனிடம்கூடச் சொல்லவில்லை.

மார்பு முழுவதையும் எடுக்காமல் கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் சதையையும் மட்டும் எடுத்தார்கள். அறுவை நன்றாக முடிந்தது. உம்மா வீட்டுக்கு வந்தார். உறவினர்கள் பழங்களோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வாப்பா முகத்தில் பல நாட்களுக்குப் பிறகு சிரிப்பு வந்தது.

பத்தாம் நாள் தொலைபேசி வந்தது. வெட்டி எடுத்த சதையின் ஓரத்தில் புற்றணுக்கள் இருக்கின்றன, இன்னொரு முறை அறுவை செய்ய வேண்டும் என்றார்கள். வாப்பா ஒன்றும் பேசாமல் தொலைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டுப் பால்கனிக்குப் போய்விட்டார். உம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் தம்பி, முதல் தடவையே முழுசா எடுத்திருக்கக் கூடாதா? உள்ளே இருக்கிறது அவங்க கண்ணுக்குத் தெரியாதா?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கத்தி பிடித்த பிறகு இன்று பதில் தெரியும். தெரியாது உம்மா. கண்ணுக்குத் தெரியாது.

அந்த அறுவை மருத்துவர் தவறு எதுவும் செய்யவில்லை. என் உம்மாவுக்கு நடந்தது அபூர்வமான ஒன்றும் அல்ல. இங்கிலாந்தில் 2005 முதல் 2008 வரை மார்பைக் காத்துக் கட்டியை மட்டும் எடுத்துக்கொண்ட 55,297 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். அவர்களில் ஐந்தில் ஒருவர் மறுபடியும் அறுவை மேசையில் படுக்க வேண்டியிருந்தது.

மாம்பழமும் கத்தியும்

ஈரச்சந்தையில் மாம்பழம் வாங்கி வருகிறோம். ஒரு பக்கம் அழுகியிருக்கிறது. கத்தியால் அந்த இடத்தைச் சுற்றி வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடுகிறோம். அழுகல் எதுவரை போயிருக்கிறது என்று நிறமே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

புற்றுக்கட்டி இப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. நடுப்பகுதி கெட்டியாக இருக்கும், விரலுக்குத் தட்டுப்படும். ஓரத்துக்கு வர வர, ஈரத்துணியில் விழுந்த மைத்துளி போல அது பரவிப் போகும். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஐம்பது முதல் நூறு உயிரணுக்கள் வரை வரிசையாக நிற்கலாம். நல்ல சதைக்குள் நாலைந்து புற்றணுக்கள் புகுந்திருந்தால் எந்த மனிதக் கண்ணும் அதைப் பார்க்காது.

"ஸ்கேன் எடுத்தார்களே" என்று கேட்பீர்கள். ஸ்கேன் அறுவைக்கு முன்னால் எடுத்த படம். உடலைத் திறந்தவுடன் சதை நகர்கிறது, நெகிழ்கிறது. மூளை அறுவையில் இது இன்னும் கூடுதல். மண்டையோட்டைத் திறந்து உள்ளே இருக்கும் நீர் வடிந்தால் மூளையே சற்று அமிழ்ந்துவிடும். காலையில் எடுத்த வரைபடமும் மதியம் இருக்கும் ஊரும் ஒன்றாக இருப்பதில்லை.

அப்படியானால் பயமில்லாமல் நிறைய வெட்டி எடுத்துவிடலாமே? அதையும் செய்து பார்த்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், மார்பு முழுவதையும் அதன் அடியிலுள்ள தசைகளையும் அக்குள் நெறிகளையும் சேர்த்து அகற்றும் முறையைப் பரப்பினார். எழுபது, எண்பது ஆண்டுகள் உலகெங்கும் பெண்கள் அதைத் தாங்கிக்கொண்டார்கள். பிறகு அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியில் உம்பெர்ட்டோ வெரோனேசியும் நடத்திய பெரிய ஆய்வுகளின் இருபது ஆண்டு முடிவுகள் 2002-இல் வந்தன. தொடக்க நிலையில், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும் ஆயுளில் குறைவில்லை என்று அவை காட்டின. அதற்குக் கட்டியை முழுமையாக எடுத்திருக்க வேண்டும். இன்றைய விதி எளியது: வெட்டி எடுத்த துண்டின் மேற்பரப்பில் மை பூசுவார்கள்; அந்த மை பட்ட இடத்தில் பெருகிப் பரவும் புற்று இருக்கக்கூடாது.

மூளையில் நிறைய வெட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. சில மில்லிமீட்டர் தள்ளிப்போனால் நோயாளி பேச்சை இழக்கலாம், வலது கையை இழக்கலாம்.

இந்தக் கவலை புதிதல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினின் கொர்தோபா நகருக்கு அருகில் வாழ்ந்த அல்-ஸஹ்ராவி, அறுவைக் கருவிகளைப் படம் வரைந்து விளக்கிய பெரும் மருத்துவர். புற்றைப் பற்றி எழுதும்போது, மார்பு, தொடை போன்ற, முழுவதுமாக அகற்றக்கூடிய இடத்தில் சிறிதாகத் தொடக்க நிலையில் இருந்தால் அறுக்கலாம் என்கிறார். நாள்பட்டுப் பெரிதாகிவிட்டால் தொடாதீர்கள், அப்படி ஒன்றைத் தாம் குணப்படுத்தியதும் இல்லை, குணப்படுத்தியவரைக் கண்டதும் இல்லை என்று ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொள்கிறார். முழுவதும் எடுக்க வேண்டும், சீக்கிரம் எடுக்க வேண்டும். இந்த இரண்டும் இன்றும் மாறவில்லை.

சன்னலுக்கு வெளியே ஒரு பரிசோதனை

நோயாளி மேசையில் மயக்கத்தில் இருக்கும்போதே ஓரம் சுத்தமா என்று தெரிந்துகொள்ள ஒரு பழைய முறை உண்டு. 1905-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் வில்லியம் மேயோ, தம் நோயியல் மருத்துவர் லூயிஸ் வில்சனிடம் இதற்கு வழி கேட்டார். அது மினசோட்டாவின் கடுங்குளிர் காலம். வில்சன் சதைத் துண்டைச் சன்னலுக்கு வெளியே வைத்து உறையவைத்து, மெல்லியதாகச் சீவி, நீலச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தார் என்று சொல்வார்கள். அந்த உறைநிலைப் பரிசோதனையை இன்றும் செய்கிறோம்.

ஆனால் அதற்கு இருபது, முப்பது நிமிடங்கள் ஆகும். மார்புச் சதையில் கொழுப்பு அதிகம். கொழுப்பு சரியாக உறையாது, சீவும்போது கலைந்துவிடும். அதோடு, எலுமிச்சம்பழ அளவுள்ள ஒரு துண்டின் மேற்பரப்பு முழுவதையும் மயிரிழையைவிட மெல்லிய சீவல்களாக்கிப் பார்க்க ஒரு நாள் போதாது. சந்தேகமான சில இடங்களைத்தான் பார்க்க முடியும். முழுப் பரிசோதனைக்குச் சில நாட்கள் வேண்டும். என் உம்மாவுக்குப் பத்தாம் நாள் தொலைபேசி வந்ததன் காரணம் இதுதான்.

டார்ச் விளக்கும் உள்ளங்கையும்

இங்கேதான் ஒளி வருகிறது. சிறுவயதில் இருட்டில் டார்ச் விளக்கை உள்ளங்கையின் அடியில் வைத்து விளையாடியிருப்பீர்கள். கை சிவப்பாக ஒளிரும். விளக்கின் வெள்ளை ஒளியில் எல்லா நிறமும் இருக்கிறது. நீலத்தையும் பச்சையையும் நம் இரத்தம் விழுங்கிவிடுகிறது. சிவப்பு மட்டும் தப்பி வெளியே வருகிறது. சிவப்பையும் தாண்டி, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி ஒன்று உண்டு. அது சதைக்குள் இன்னும் ஆழமாக, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வரைகூடப் போய்த் திரும்பிவரும்.

கொவிட் காலத்தில், 2021-இல், தெமாசெக் அறநிறுவனம் சிங்கப்பூரில் வீட்டுக்கொன்றாக விரல்நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டர் கொடுத்தது நினைவிருக்கும். சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியாக அனுப்பி, எது எவ்வளவு வருகிறது என்று பார்த்துத்தான் அது பிராணவாயுவின் அளவைச் சொல்கிறது. உடலை ஒளியால் படிக்கும் கருவி ஒன்று உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது.

கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் பார்க்கிறோம் என்று முற்காலத்தில் பலர் நம்பினார்கள். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதால்தான் பார்க்கிறோம் என்று 11-ஆம் நூற்றாண்டில் இப்னுல் ஹைஸம் தம் ஒளியியல் நூலில் விளக்கினார். என் தொழிலின் அடிப்படையும் அதுதான். புற்றணுவிலிருந்து தனி ஒளி வந்தால் நாங்கள் அதைப் பார்ப்போம். அதை எப்படி வரவழைப்பது?

ஒளிரும் கட்டி

1940-களின் இறுதியில் அமெரிக்காவில் ஜார்ஜ் மூர் என்ற அறுவை மருத்துவர், ஃபுளோரசின் என்ற மஞ்சள் சாயத்தை இரத்தத்தில் செலுத்தி மூளைக் கட்டிகளை ஒளிரவைத்துப் பார்த்தார். நல்ல யோசனை. ஆனால் சாயம் கட்டியில் மட்டும் நிற்காமல் அக்கம்பக்கமும் கசிந்தது.

பெரிய முன்னேற்றம் ஜெர்மனியிலிருந்து வந்தது. 5-ஏஎல்ஏ என்று ஒரு மருந்து. மூளை அறுவைக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரத்துக்கு முன் நோயாளி அதைத் தண்ணீரில் கலந்து குடிக்கிறார். அது நம் உடலிலேயே இயல்பாக உண்டாகும் ஒரு பொருள்தான். உயிரணுக்கள் அதைப் படிப்படியாக மாற்றி, கடைசியில் இரும்பைச் சேர்த்து இரத்தச் சிவப்பின் மூலப்பொருளாக ஆக்குகின்றன.

இதை நம் பரோட்டாக் கடையை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஒருவர் மாவு உருண்டை பிடிக்கிறார், இன்னொருவர் கல்லில் போட்டுச் சுடுகிறார். இருவரும் ஒரே வேகத்தில் வேலை செய்தால் மேசையில் உருண்டை தங்காது. சுடுபவர் மெதுவாக வேலை செய்தால் உருண்டைகள் குவிந்துவிடும். இரும்பைச் சேர்க்கும் கடைசி வேலையில் மூளைப் புற்றணு மெதுவானது. ஆகவே இடைப்பட்ட பொருள் அங்கே குவிகிறது. அந்தப் பொருளின் மேல் நீல ஊதா ஒளி பட்டால் அது சிவப்பாக ஒளிரும். அறையின் விளக்கை அணைத்து, நுண்ணோக்கியில் நீல ஒளியைப் போட்டால், நல்ல மூளை நீலமாக இருக்க, கட்டி ரோஜா நிறத்தில் தணல்போல் தெரியும். முதல்முறை அதைப் பார்த்தபோது நான் வேலையை மறந்து சில நொடிகள் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

அழகாக இருந்தால் போதுமா? ஜெர்மானிய மருத்துவர் வால்டர் ஷ்டும்மர் தலைமையில் 322 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2006-இல் வெளியானது. வழக்கமான வெள்ளை ஒளியில் அறுவை செய்தபோது ஸ்கேனில் தெரியும் கட்டியை முழுதாக எடுக்க முடிந்தது 36 விழுக்காட்டினருக்கு. நீல ஒளியின் துணையோடு செய்தபோது 65 விழுக்காட்டினருக்கு. ஆறு மாதம் வரை நோய் மீண்டும் வளராமல் இருந்தவர்கள் ஏறக்குறைய இரு மடங்கானார்கள். ஐரோப்பாவில் 2007-லும் அமெரிக்காவில் 2017-லும் இந்த மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நோயாளிகளின் மொத்த ஆயுள் நீண்டது என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. அந்த வகைப் புற்று, ஒளிரும் எல்லையையும் தாண்டி வேர் விட்டிருக்கும்.

இன்னொரு சாயம் இண்டோசயனின் பச்சை. கோடாக் புகைப்பட நிறுவனத்தின் ஆய்வகத்தில் உருவாகி, 1959 முதல் மருத்துவத்தில் இருக்கிறது. இது அகச்சிவப்பில் ஒளிர்வதால் தனிக் கேமரா வேண்டும். புற்று முதலில் போய்ச் சேரும் நெறிக்கட்டியைக் கண்டுபிடிக்கவும், குடலைத் தைத்த இடத்தில் இரத்த ஓட்டம் இருக்கிறதா என்று பார்க்கவும் இது பெரிதும் உதவுகிறது. ஆனால் புற்றை மட்டும் தேடிப் பிடிக்கும் குணம் இதற்கு இல்லை.

அந்தக் குணத்தைச் சேர்ப்பதுதான் அடுத்த படி. சில புற்றணுக்கள் ஃபோலேட் என்ற வைட்டமினை அதிகமாகப் பிடித்துக்கொள்ளும். அந்த வைட்டமினைப் போன்ற ஒன்றை ஒளிரும் சாயத்தோடு இணைத்தால், புற்று தானே அதைப் பிடித்துக்கொண்டு தன்னைக் காட்டிக்கொடுக்கும். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பிலிப் லோவின் ஆய்வுகளிலிருந்து வந்த சைட்டலக்ஸ் என்ற மருந்து இப்படிப்பட்டது. சூலகப் புற்றுக்காக 2021-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதை ஒப்புக்கொண்டபோது, 134 பெண்களின் அறுவைகளைக் கணக்கில் கொண்டது. அவர்களில் 26.9 விழுக்காட்டினரிடம், கண்ணுக்கும் விரலுக்கும் தப்பிய புற்று ஒன்றாவது இந்த ஒளியில் தெரிந்தது.

என் உம்மாவின் நோய்க்கு வருகிறேன். மார்பகப் புற்றுக்கென 2024-இல் அமெரிக்காவில் லுமிசைட் என்ற மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. ஊசிவழி ஏற்றப்படும் இந்த மருந்து, புற்று இருக்கும் இடத்தில் மிகுதியாகச் சுரக்கும் நொதிகள் பட்டவுடன் ஒளிரத் தொடங்கும். கட்டியை எடுத்த பிறகு, மார்பில் உள்ள குழிக்குள் கையடக்கக் கருவி ஒன்றை வைத்து, ஒளி மிஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். 357 பெண்கள் பங்கேற்ற ஆய்வில், மருத்துவர் தம் வேலை முடிந்தது என்று நினைத்த பிறகும் 27 பேரிடம் மிச்சமிருந்த புற்றை அது கண்டுபிடிக்க உதவியது.

27 என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். அந்த 27 பேரில் ஒருவர் உங்கள் வீட்டுப் பெண்ணாக இருந்தால் அது சிறிய எண் அல்ல. ஆனாலும் அதே ஆய்வில், புற்று மிஞ்சியிருந்த இடங்களில் ஏறக்குறைய பாதியைத்தான் கருவி காட்டியது. மிகச் சிலருக்குக் கடும் ஒவ்வாமையும் வந்தது. மருந்தோடு அந்த எச்சரிக்கையும் அச்சிடப்பட்டிருக்கிறது.

திருச்சியிலிருந்து ஓர் ஒளி

சாயமே இல்லாமல் பார்க்க முடியுமா? முடியும். அதன் வேர் நம் மண்ணில் இருக்கிறது. நம் பாட்டனார்கள் பலர் 'ரஜூலா' கப்பலில் இங்கே வந்தார்கள். திருச்சிக்கு அருகே திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சி.வி.ராமன், 1921-இல் 'நார்குண்டா' என்ற கப்பலில் இங்கிலாந்திலிருந்து திரும்பினார். மத்தியதரைக் கடலின் நீலம் அவர் மனத்தைப் பிடித்துக்கொண்டது. ஒளி சிதறுவதை ஆராயத் தொடங்கினார். 1928-இல், ஒரு பொருளின் மேல் பட்டுச் சிதறும் ஒளியில் மிக மிகச் சிறிய பங்கு, ஏறக்குறைய கோடியில் ஒன்று, நிறம் மாறி வருகிறது என்று கண்டார். அந்த மாற்றம் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தனித்தனியானது, கைரேகை போல. 1930-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

கொழுப்பும் புரதமும் நல்ல மூளையில் ஒரு விகிதத்திலும் கட்டியில் வேறு விகிதத்திலும் இருக்கின்றன. ஆகவே ராமன் ஒளியின் ரேகையும் மாறும். கனடாவின் மொன்ட்ரியாலில், பேனா போன்ற ஒரு கருவியை மூளையின் மேல் வைத்து, 17 நோயாளிகளிடம் இதைச் சோதித்து 2015-இல் வெளியிட்டார்கள். புற்று இருந்த இடங்களில் 93 விழுக்காட்டை அது சரியாகச் சொன்னது. அமெரிக்காவில் 278 நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2020-இல் வந்தது. எடுத்த துண்டை உறையவைக்காமல், சாயம் ஏற்றாமல், ராமன் ஒளியில் படமெடுத்துக் கணினியிடம் கொடுத்தார்கள். இரண்டரை நிமிடத்துக்குள் பதில் வந்தது. கணினி 94.6 விழுக்காடு சரி. வழக்கமான முறையில் பார்த்த நோயியல் மருத்துவர்கள் 93.9 விழுக்காடு சரி. நம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும், இதே ராமன் ஒளியை வயிற்றுக்குள் விடும் உள்நோக்கிக் குழாயோடு சேர்த்து வயிற்றுப் புற்றைக் கண்டறியும் ஆய்வு நடந்திருக்கிறது. இந்த அவையில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவம் படித்தால்தான் உயிரைக் காப்பாற்ற முடியும் என்பதில்லை.

ஒளி சொல்வதும் சொல்லாததும்

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கை. ஒளிர்வதெல்லாம் புற்று அல்ல. வீக்கமுள்ள சதையும் சில சமயம் ஒளிரும். ஒளிராததெல்லாம் நல்ல சதையும் அல்ல. ஆழத்தில் இருப்பதும் இரத்தத்தால் மூடியிருப்பதும் தெரியாமல் போகும். அதனால் கடைசித் தீர்ப்பு இன்றும் நோயியல் மருத்துவரின் நுண்ணோக்கியில்தான். இந்த விளக்குகள் எல்லா மருத்துவமனையிலும் இருக்கும் என்றும், எல்லாருக்கும் தேவை என்றும் நினைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. நான் முன்பு சொன்ன ஆக்சிமீட்டரைப் பற்றி 2020-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. பிராணவாயு ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தும் கருவி அதைக் காட்டத் தவறியது, கறுப்பினத்தவர்களிடம் வெள்ளையர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். கருவியைச் சோதித்தபோது யாருடைய விரலில் அதிகம் சோதித்தார்கள் என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது. புதிய மருந்தையோ கருவியையோ சோதிக்கும் ஆய்வில் சேரச் சொன்னால், நம் ஆட்கள் பலர் "நம்மை வைத்துப் பரிசோதனையா?" என்று எழுந்து போய்விடுகிறார்கள். விளக்கம் கேளுங்கள், வீட்டாரோடு பேசுங்கள், விருப்பமில்லை என்றால் மறுத்துவிடுங்கள். மறுத்தால் சிகிச்சை குறையாது. ஆனால் எடுத்த எடுப்பில் ஓடிவிடாதீர்கள். நம்மைப் போன்றவர்கள் ஆய்வில் இல்லையென்றால், அதன் முடிவு நமக்குப் பொருந்துமா என்று யாருக்கும் தெரியாது.

புற்றுக்காக அறுவை செய்துகொள்ளப் போகிறவர் மருத்துவரிடம் நான்கு கேள்விகள் கேட்கலாம். ஓரம் சுத்தமாக இருக்கிறதா என்று அறுவையின்போதே பார்க்க உங்களிடம் என்ன வழி இருக்கிறது? இரண்டாவது அறுவை தேவைப்பட எவ்வளவு வாய்ப்பு? முழு அறிக்கை எந்த நாளில் வரும்? ஒளிரும் மருந்து கொடுப்பதாக இருந்தால் நான் எதில் கவனமாக இருக்க வேண்டும்? முன்பு ஏதாவது மருந்தோ அயோடினோ ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். 5-ஏஎல்ஏ குடித்தவர் ஓரிரு நாள் வெயிலையும் கடுமையான விளக்கொளியையும் தவிர்க்க வேண்டும். இந்தக் கேள்விகளைக் கேட்டால் மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். நான் கோபித்துக்கொண்டதில்லை.

ஆறு மாதங்கள்

கடைசியாக ஒன்று. நான் சொன்ன இத்தனை ஒளியும் அறுவை அறைக்குள் மட்டுமே எரியும். அந்த அறைக்குள் நோயாளி எப்போது வந்து சேர்கிறார் என்பது எங்கள் கையில் இல்லை.

சிங்கப்பூரில் பெண்களுக்கு அதிகமாக வரும் புற்று மார்பகப் புற்றுதான். 2002 முதல் இங்கே தேசிய மார்பகப் பரிசோதனைத் திட்டம் நடக்கிறது. 50 முதல் 69 வயது வரை உள்ள பெண்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் எடுத்துக்கொள்ள வேண்டும். 40 முதல் 49 வயது வரை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு ஆண்டுதோறும் எடுத்துக்கொள்ளலாம். பலதுறை மருந்தகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். படம் எடுப்பவர் பெண்தான். மருத்துவரும் பெண்ணாக இருக்க வேண்டும் என்று விரும்பினால் வாய்விட்டுக் கேளுங்கள். வெட்கத்தை ஒரு காரணமாக வைத்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். கட்டி ஏதாவது கையில் தட்டுப்பட்டால் வயதையும் பார்க்காதீர்கள், அடுத்த பரிசோதனைத் தேதியையும் பார்க்காதீர்கள். அந்த வாரமே போங்கள்.

ஆண்களுக்கும் சொல்கிறேன். நம் வீட்டுப் பெண்கள் கல்யாணம் முடியட்டும், நோன்பு கழியட்டும், பிள்ளையின் தேர்வு முடியட்டும் என்று தங்கள் உடம்பைத் தள்ளிப்போடுகிறார்கள். நீங்கள் கேட்காவிட்டால் அவர்கள் சொல்லப்போவதில்லை.

என் உம்மாவுக்கு இரண்டாவது அறுவை நடந்தது. அந்த முறை ஓரம் சுத்தமாக இருந்தது. கதிர்வீச்சு, மாத்திரை எல்லாம் முடித்துக்கொண்டு, அல்ஹம்துலில்லாஹ், இன்று இதே அவையில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இதைப் பொது மேடையில் சொல்லலாமா என்று நேற்றிரவு அவரிடம் அனுமதி கேட்டேன்.

"சொல்லு தம்பி. டாக்டரு மிச்சம் வச்சதை மட்டும் சொல்லாதே. நான் ஆறு மாசம் மறைச்சு வச்சதையும் சேர்த்துச் சொல்லு" என்றார்.

சொல்லிவிட்டேன், உம்மா.